ஏரிக் கணக்கை விளக்காக்கிக் காட்சிக்கு வைப்பது எப்படி? தரவுக் கலைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். சென்னைக்குத் தண்ணீர் தரும் இந்த நான்கு ஏரிகளுக்கும் ஆளுக்கொரு அக்ரிலிக் குழாய். உள்ளே எல்இடி பட்டை. ஏரியில் தண்ணீர் ஏறினால் குழாயில் நீல வெளிச்சம் ஏறும், இறங்கினால் இறங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தொடங்கி 2019 ஜூன் வறட்சியில் முடியும். நான் செய்தது இவ்வளவுதான்.

சொல்ல ஒரு நிமிடம் போதும். செய்து முடித்து ஒரு கூடத்தில் வைக்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது. அதில் நான்கு மாதமாவது வீண். கலைக்காகவோ கோடிங்குக்காகவோ போன மாதங்கள் இல்லை அவை. தேதி தலைகீழாக விழுந்தது, மின்சாரக் கணக்குப் பார்க்காமல் கடைக்கு ஓடியது, கூடத்துக்கு எழுதவேண்டிய கடிதத்தைக் கடைசியில் எழுதியது என்று போனவை. நீங்கள் எடுத்துக்கொள்ளும் தரவு வேறாக இருக்கலாம். பேருந்து நேரமோ, மின்கட்டணமோ, உங்கள் தெருவின் வெயிலோ எதுவானாலும் வழுக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

1. திரையா, பொருளா என்று முதலில் முடிவெடுங்கள்

தரவுக் கலை, அதாவது எண்களைக் கண்ணால் பார்க்கும் படைப்பாக்குவது, என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ரெஃபிக் அனடோல் போன்றவர்களின் ராட்சதத் திரைகள்தான். 2022 நவம்பரில் நியூயார்க்கின் மோமா அருங்காட்சியகத்தில் அவர் வைத்த திரையின் வீடியோவைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. அந்த வழியில் போகாதீர்கள். அதற்கு வேண்டிய கணினியும் திரையும் வாடகைக்கு எடுத்தாலே கை கடிக்கும்.

அமெரிக்காவில் நத்தலி மீபாக் என்பவர் வானிலைக் கணக்குகளைக் கூடை முடைவது போலப் பிரம்பில் பின்னிச் சிற்பமாக்குகிறார். மின்சாரமே வேண்டாம். உங்களுக்குப் பாய் முடையவோ, கோலம் போடவோ, எம்ப்ராய்டரி செய்யவோ தெரிந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு ஒரு இழை, மழை பெய்த நாளுக்கு வேறு நிறம் என்று ஒரு கோரைப்பாய் முடைந்தால் அதுவும் தரவுக் கலைதான். 5ஆவது படியை நீங்கள் தாண்டிப் போய்விடலாம்.

எனக்குக் கைவேலை வராது, சால்டரிங் கொஞ்சம் வரும். அதனால் விளக்கு.

2. தரவு எங்கே கிடைக்கும், எந்தத் தாள் வேண்டும்

இருப்பதை முதலில் தேடுங்கள். சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் அன்றாட நிலவரத்தைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. 2004 முதல் 2019 வரை நான்கு ஏரிகளின் தினசரி இருப்பைத் தொகுத்து, தரவுத் தொகுப்புகளைப் பகிரும் காகிள் (Kaggle) தளத்தில் ஏற்றியிருக்கிறார்கள், இலவசம். மழைக்கு, இந்திய வானிலைத் துறையின் புணே அலுவலகம் 1901இலிருந்து நாடு முழுவதற்குமான தினசரி மழையைக் கட்டம் கட்டமாகத் தருகிறது. ஒரு கட்டம் கால் டிகிரி, அதாவது சுமார் 27 கிலோமீட்டர். அதை வைத்து மயிலாப்பூரில் எவ்வளவு, அடையாறில் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாது. நான் ஒரு வாரம் முயன்றேன். இரண்டும் ஒரே எண்ணாக வந்தது. அப்புறம்தான் உறைத்தது.

இறக்கியவுடன் உரிமம் என்ன என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள். மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் இருப்பவை பெரும்பாலும் 2017ஆம் ஆண்டின் அரசுத் திறந்த தரவு உரிமத்தின் கீழ் வரும். யாருடைய தரவு, எங்கே எடுத்தது என்று குறிப்பிட்டால் காட்சிக்கும் விற்பனைக்கும் பயன்படுத்தலாம். அரசு முத்திரையை மட்டும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள், அது அந்த உரிமத்தில் வராது. கூடத்துக்காரர்கள் பின்னால் “அனுமதி இருக்கிறதா?” என்று கேட்பார்கள். அந்தப் பிடிஎஃப்தான் பதில்.

இணையத்தில் இல்லாத தரவுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழ்நாட்டு அரசு அலுவலகத்துக்கு 6(1) பிரிவின் கீழ் மனு எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். வேறு அலுவலகத்துக்குப் போகவேண்டிய மனுவாக இருந்தால் 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்பவேண்டும் என்று 6(3) சொல்கிறது. எனவே எந்த அலுவலகம் என்று தெரியாமல் மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. ஒரு சிறிய ஏரியின் பழைய மாதக் கணக்கைக் கேட்டேன். “விவரம் தரவும்” என்று மட்டும் எழுதியிருந்தேன். 40 பக்கம் ஜெராக்ஸ் வந்தது, பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 80 ரூபாய். கையெழுத்துப் பதிவேடு. 3 எது 8 எது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஒன்பது மாலைகள் தட்டச்சு செய்தேன். கடைசியில் அந்த ஏரியைப் படைப்பில் சேர்க்கவே இல்லை. மனுவிலேயே “மின்னணு வடிவில், எக்செல் கோப்பாக இருப்பின் அவ்வாறே” என்று கேளுங்கள். “ஏன் குறைந்தது?” என்று காரணம் கேட்காதீர்கள். கோப்பில் இருக்கும் பதிவைத்தான் தருவார்கள், கேள்விக்கு விளக்கம் எழுதித் தரமாட்டார்கள்.

3. தரவைச் சுத்தம் செய்தல்: நான்கு பொறிகள்

இந்தப் படிக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். மூன்று நாளில் முடியும் என்று நினைத்தவன் நான்.

தேதிப் பொறி. நம் ஊர்க் கோப்புகளில் 01-02-2004 என்றால் பிப்ரவரி 1. உங்கள் மென்பொருள் அதை ஜனவரி 2 என்று படித்துவிடலாம். வேடிக்கை என்னவென்றால் 13ஆம் தேதியிலிருந்து சரியாகப் படித்துவிடும், ஏனெனில் 13ஆவது மாதம் கிடையாது. அதனால் மாதத்தில் முதல் 12 நாள் மட்டும் வேறு மாதங்களுக்குச் சிதறிப் போகும், பிழைச் செய்தியும் வராது. எனக்கு இது எப்படித் தெரிந்தது? மே மாத முதல் பாதியில் செம்பரம்பாக்கம் ஒரே நாளில் நிரம்பி மறுநாள் வற்றியது. கோடையில் ரம்பப் பல் மாதிரி கோடு. வரைபடத்தில் ரம்பப் பல் தெரிந்தால் முதலில் தேதியைச் சந்தேகப்படுங்கள்.

மழை நாள் பொறி. வானிலைத் துறைக்கு ஒரு மழை நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. முடியும் நாளின் தேதியில்தான் பதிவாகும். 2015 டிசம்பர் 1 முழுக்கக் கொட்டிய மழை டிசம்பர் 2 என்ற தேதியில் இருக்கும். தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. என்று பேசப்படும் எண்கள் அந்தக் கணக்குதான். தேதியை நீங்கள் காட்சியில் போடப்போகிறீர்கள் என்றால் கவனம். அன்று இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள் வந்து பார்ப்பார்கள், ஒரு நாள் தப்பினாலும் பிடித்துவிடுவார்கள்.

அடி, கன அடி பொறி. செய்தியில் “24 அடி கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியில் 12 அடி தண்ணீர்” என்று வரும். பாதி ஏரி என்று நினைத்துவிடுவோம். ஏரி தட்டு மாதிரி, மேலே போகப்போக அகலம். பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீரைவிடக் குறைவு. ஆழத்தை விட்டுவிட்டு மில்லியன் கன அடியில் இருக்கும் கொள்ளளவை மட்டும் எடுங்கள்.

கடைசியாகச் சதவீதப் பொறி. நான்கு ஏரிகளின் முழுக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. 2020இல் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தின் 500ஐச் சேர்த்தால் 11,757. வீராணத்தின் 1,465ஐயும் சேர்த்தால் 13,222. “ஏரிகள் 60 சதவீதம் நிரம்பின” என்றால் இந்த மூன்றில் எதில் 60? சதவீதமாக வரும் எந்த எண்ணையும் எடுக்காதீர்கள். மூல அளவை எடுத்து நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

காலியான கட்டத்தில் 0 போட்டு நிரப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அளக்கவில்லை என்பது வேறு, தண்ணீரே இல்லை என்பது வேறு. 2019 ஜூனில் பல நாட்களுக்கு உண்மையிலேயே 0 வரும். அளக்காத நாளுக்கும் 0 போட்டால் அந்த 0இன் மதிப்பே போய்விடும்.

4. விதியைத் தாளில் எழுதுங்கள்: ஒரு விளக்கு என்பது எவ்வளவு?

எந்த எண் எந்த வடிவமாக மாறுகிறது என்பதுதான் விதி. காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெளியிட்ட வெப்பக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள்: ஓர் ஆண்டுக்கு ஒரு பட்டை, குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு. அவ்வளவே. ஒரே வரியில் சொல்ல முடியாத விதியைப் பார்வையாளர் பிடித்துக்கொள்ள மாட்டார்.

என் விதி: ஒரு எல்இடி = 33 மில்லியன் கன அடி. அப்படியென்றால் புழலுக்கு 100, செம்பரம்பாக்கத்துக்கு 110, பூண்டிக்கு 98, சோழவரத்துக்கு 33. மொத்தம் 341 விளக்கு. மீட்டருக்கு 60 விளக்கு உள்ள பட்டை எடுத்தால் புழல் குழாயின் உயரம் 1.67 மீட்டர், ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். சோழவரம் முழங்காலுக்குச் சற்று மேலே, 55 சென்டிமீட்டர். எல்லாக் குழாயையும் ஒரே உயரம் வைத்தால் அழகாக இருக்கும் என்று நண்பர் சொன்னார். அழகாகத்தான் இருக்கும், ஆனால் சோழவரம் புழல் அளவு ஏரி என்று பொய் சொல்லும்.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டதால்தான் ஒரு பெரிய தவறிலிருந்து தப்பித்தேன். 2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது ஞாபகம் இருக்கும். 50 வேகன், ஒவ்வொன்றிலும் 50,000 லிட்டர், மொத்தம் 25 லட்சம் லிட்டர். கதையை ஜூலை வரை நீட்டி, ரயில் வரும்போது குழாயில் ஒரு விளக்கு பளிச்சென்று எரியவேண்டும் என்று கோடிங்கூட எழுதிவிட்டேன். பிறகு கணக்குப் போட்டேன். ஒரு மில்லியன் கன அடி என்பது 2.83 கோடி லிட்டர். ஒரு ரயில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. என் ஒரு விளக்கு எரிய 374 ரயில் வரவேண்டும். அந்தக் கோடிங்கை அழித்துவிட்டு, விளக்கச் சீட்டில் மட்டும் “இங்கே ஒரு விளக்கு = 374 தண்ணீர் ரயில்” என்று எழுதினேன். குழாய்களைவிட அந்தச் சீட்டைத்தான் அதிகம் பேர் போட்டோ எடுத்தார்கள். கொஞ்சம் வருத்தம்தான், என்ன செய்ய.

நேரத்துக்கும் விதி வேண்டும். 2004 முதல் 2019 வரை 5,844 நாள். நாளுக்கு ஒரு விநாடி என்று ஓடவிட்டால் 97 நிமிடம். காட்சிக்கூடத்தில் ஒருவர் நிற்பது ஒன்றிரண்டு நிமிடம். அதனால் வெள்ளத்திலிருந்து வறட்சி வரை, 2015 டிசம்பர் 1 முதல் 2019 ஜூன் 30 வரை 1,308 நாட்களை மட்டும் எடுத்தேன். விநாடிக்கு 10 நாள் என்று ஓட்டினால் இரண்டு நிமிடம் பத்து விநாடி.

எதையும் வாங்குமுன் இதைத் திரையில் ஓடவிட்டுப் பாருங்கள். கோடிங்கில் படம் வரைய உதவும் பி5 ஜேஎஸ் (p5.js) இலவசம், உலாவியிலேயே எழுதலாம். நான்கு செவ்வகம் வரைந்தால் போதும். டச்டிசைனர் (TouchDesigner) என்ற காட்சி மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் இலவசப் பதிப்பில் படத்தின் அளவு 1280க்கு 1280 புள்ளிதான், பணம் வாங்கும் காட்சிக்குப் பயன்படுத்தவும் கூடாது.

5. கடைக்குப் போகுமுன் ஆம்பியர்

சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் பட்டியலோடு போங்கள். பட்டியல் இல்லாமல் போனால் ஆசையில் வாங்கிவிடுவோம்.

டபிள்யூஎஸ்2812பி என்ற வகைப் பட்டையில் ஒவ்வொரு விளக்கும் முழு வெள்ளையில் எரிந்தால் சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 341 விளக்குக்கு 20 ஆம்பியருக்கு மேல், 5 வோல்ட்டில் 100 வாட்டுக்குச் சற்று அதிகம். நீலம் மட்டும் எரிந்தால் இதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் கோடிங்கில் ஒரு சின்னப் பிழை வந்தால் எல்லாமே வெள்ளையாக எரியும். எனவே வெள்ளைக்கே கணக்குப் போட்டு அதற்கு மேல் இடம் விட்டு எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை 5 வோல்ட்டாக மாற்றும் பெட்டி) வாங்குங்கள். நான் முதலில் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். இரண்டாம் நாள் பிளாஸ்டிக் கருகும் வாசம். பிறகு 40 ஆம்பியர்.

அடுத்தது, பட்டையின் ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுத்தால் மறுமுனை மங்கும், வெள்ளை மஞ்சளாகும். பட்டை கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே மறுமுனையிலும் இரண்டு வயரைத் தொட்டுக் காட்டினார், வெள்ளை திரும்பியது. இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் கிரவுண்டும், விளக்குகளை இயக்கும் சின்னக் கணினியான ஈஎஸ்பி32 பலகையின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்குகள் பேய் பிடித்த மாதிரி மினுக்கும். பலகை தருவது 3.3 வோல்ட் சிக்னல், பட்டை எதிர்பார்ப்பது 5. நடுவில் 74ஏஹெச்சிடி125 என்ற சின்ன சில்லு போட்டால் தீர்ந்தது. இது சில பத்து ரூபாய்ச் சமாச்சாரம், இது இல்லாமல் நான் இழந்தது இரண்டு வாரம்.

வீட்டு மின்சாரம் உள்ளே நுழையும் 230 வோல்ட் பகுதியை நீங்களே செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் கொடுத்து, மூடி போட்ட பெட்டியில் அடையுங்கள். குழந்தைகள் வருவார்கள்.

6. கூடம்: இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்

ஆறாவதாக எழுதியிருக்கிறேன், ஆனால் 4ஆவது படி முடிந்த அன்றே கடிதம் போடுங்கள். சென்னையில் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம், முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா, ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று காட்சிக்கூடங்கள் உண்டு. தனியார் கேலரிகள், கல்லூரி அரங்குகள் தனி. வாடகையும் விதியும் இடத்துக்கு இடம் மாறும், நேரில் போய்க் கேளுங்கள். எனக்குக் கிடைத்த தேதி, விண்ணப்பித்த நாளிலிருந்து நான்கு மாதம் தள்ளி. படைப்பு தயாராகி, மூன்று மாதம் படுக்கையறையில் குழாய்களோடு தூங்கினேன்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. எலெக்ட்ரானிக்ஸைத் திறந்த வண்டியில் ஏற்ற முடியாது. முடிந்தால் ஜனவரி, பிப்ரவரி கேளுங்கள்.

விண்ணப்பத்தோடு நான் கொடுத்த தாள்கள்: ஒரு பக்கக் கருத்துரை (தமிழிலும் ஆங்கிலத்திலும்), ஒரு பத்தி சுயகுறிப்பு, திரையில் ஓடிய மாதிரியின் இரண்டு நிமிட வீடியோ, எங்கே எது நிற்கும் என்று தரையின் வரைபடம், தரவு உரிமத்தின் பிடிஎஃப், ஆதார் நகல், அப்புறம் மின்தேவைச் சீட்டு. இந்தக் கடைசிச் சீட்டை யாரும் கேட்கவில்லை, ஆனால் ஓவியம் மட்டுமே பார்த்துப் பழகிய கூடத்தில் “கம்ப்யூட்டர் சமாச்சாரம்” என்றதும் பயப்படுவார்கள். “மொத்தம் 150 வாட்டுக்குள், இரண்டு மின்விசிறி அளவு, ஒரே ஒரு பிளக்” என்று எழுதிக் காட்டியதும் முகம் தெளிந்தது.

வாய்வார்த்தையில் விடாதீர்கள். பொருத்துவதற்கு எத்தனை மணி நேரம், அதற்குத் தனி வாடகையா, முன்பணம் எப்போது திரும்பும், சுவரில் ஆணி அடிக்கலாமா, இரவில் மெயின் ஸ்விட்சை அணைப்பார்களா, உடைந்தால் யார் பொறுப்பு: இவ்வளவையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். நான் பொருத்தும் நாளைக் கேட்காமல் விட்டேன். திறப்பு நாள் காலை 10 மணிக்குத்தான் கதவு திறந்தது, மாலை 5 மணிக்கு விருந்தினர்.

பார்வையாளர்களைக் கேமராவில் எடுத்து அவர்கள் முகத்தையோ நடையையோ தரவாக்கும் எண்ணம் இருந்தால், 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை படித்துவிட்டு, வாசலிலேயே அறிவிப்பும் ஒப்புதலும் வையுங்கள். முதல் படைப்புக்கு இந்த வம்பே வேண்டாம் என்பது என் கட்சி.

7. எவ்வளவு ஆகும்

எனக்கு ஆனது, ரூபாயில்:

- பட்டை, பலகை, எஸ்எம்பிஎஸ், வயர், கூடவே உதிரியாக இன்னொரு பலகையும் எஸ்எம்பிஎஸ்ஸும்: 8,960
- அக்ரிலிக் குழாய், தச்சர் செய்த மரப் பீடம்: 15,700
- ஏழு நாள் வாடகை: 21,000
- போகவர டாடா ஏஸ்: 4,400
- எலக்ட்ரீஷியன்: 1,500
- சீட்டு, சுவரெழுத்து அச்சு: 2,300
- திறப்பு நாள் காபி, வடை: 2,800

மொத்தம் 56,660. கருகிப்போன எஸ்எம்பிஎஸ்ஸையும் வீணாய்ப்போன பட்டையையும் இதில் சேர்க்கவில்லை, வீட்டில் கேட்டால் சங்கடம். படைப்பு முடிந்த பிறகுதான் பாதிக்குமேல் செலவு ஆகிறது என்பதைக் கவனியுங்கள். கையில் 25,000 இருக்கிறது, செய்துவிடலாம் என்று இறங்கினால் குழாய் வீட்டில்தான் நிற்கும். குழுக் காட்சியில் சேர்ந்தால் வாடகை பிரியும். முதல்முறைக்கு அதுவே நல்லது.

யாராவது உங்களுக்குக் கட்டணம் தருகிறார்கள் என்றால் பான் எண்ணோடு பில் கொடுங்கள். அது தொழில்முறைக் கட்டணமாக இருந்து தொகை வரம்பைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், பான் இல்லாவிட்டால் 20. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், கட்டவேண்டிய வரிபோக மிச்சம் திரும்பி வரும்.

8. காட்சி நாட்கள்

கூடத்தின் வைஃபையை நம்பாதீர்கள். ஏரி நிலவரத்தை நேரலையாக இணையத்திலிருந்து இழுத்துக் காட்டலாம் என்று எனக்கும் ஆசை இருந்தது. கூடத்தின் வைஃபையில் ஒவ்வொரு முறையும் போன் எண் போட்டு ஓடிபி தட்ட வேண்டும், ஈஎஸ்பி32 பலகைக்குப் போன் கிடையாது. எல்லா எண்ணையும் பலகையிலேயே ஏற்றிவிட்டேன். கரண்ட் வந்தால் தானாக ஓட ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் நாள் காலையில் தூய்மைப் பணியாளர் தரை துடைக்கப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகினார், யாருக்கும் தெரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஏரிகளின் பெயரைப் பீடத்தில், காலடியில் எழுதியிருந்தேன். எல்லோரும் மேலே வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு “இதில் புழல் எது?” என்று கேட்டார்கள். மறுநாள் பெயர்களைக் கண்ணுக்கு நேரே சுவரில் ஒட்டினேன், எழுத்து ஒரு அங்குல உயரம். தேதி ஓடும் சின்னத் திரை ஒன்றும் வைத்தேன். அதற்குப் பிறகுதான் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் மூன்று சுற்றுப் பார்த்தார். நான்கு குழாயும் அடியோடு இருண்ட இடத்தில் கையை நீட்டி, “இங்கதான் சார், நாங்க வீட்ட மாத்திக்கிட்டு மதுரைக்கே போயிட்டோம்” என்றார்.

தினமும் மூடும் நேரத்தில் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் வெளிச்சத்தைக் குறையுங்கள். நான் பாதியாகக் குறைத்தேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

9. முடிந்த பிறகு

கழற்றுமுன் ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுத்து, வயர்களில் எண் ஒட்டுங்கள். முக்காலியில் கேமரா வைத்து முழுச் சுற்றையும் வீடியோ எடுங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு அதுதான் முதல் தாள். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடக்கும் ஆர்ஸ் எலக்ட்ரோனிகாவின் பரிசுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, ஆண்டின் தொடக்கத்தில் விண்ணப்பம் வாங்குவார்கள். நான் அனுப்பினேன், வரவில்லை. கட்டணம் கேட்கும் போட்டிகளும் உண்டு. நான்கைந்து போட்டால் ஒரு எஸ்எம்பிஎஸ் விலை வந்துவிடும், பார்த்துப் போடுங்கள். விமானத்தில் கொண்டுபோவதானால் பவர் பேங்க் கைப்பையில்தான், 100 வாட்-மணிக்குள். பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள்.

அக்ரிலிக் குழாய்களைப் படுக்கப்போட்டு மேலே எதையும் அடுக்காதீர்கள், கீறல் விழும். பழைய பெட்ஷீட்டில் சுற்றி மூலையில் நிமிர்த்தி வையுங்கள். கீழே ஏதாவது துணி போட்டு அடைத்துவிடுங்கள், எனக்குச் சோழவரத்துக்குள் பல்லி குடிவந்துவிட்டது.